மாஸ்டருக்குத் தைத்த சட்டைகள்

மாஸ்டர் 'ம்ஹூம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தைத்த துணியைக் கையில் வாங்குவார். தையல் ஓடிய இடத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இஸ்திரி மேஜைப் பக்கம் தள்ளிவிடுவார். இல்லையென்றால் 'ம்ஹூம்'. துணி திரும்ப அவள் மடியில் வந்து விழும். எங்கே கோணல், எது பிசகு என்று வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும் அல்லவா? சொல்ல மாட்டார். அவளாகத் தேடிக் கண்டுபிடித்து, பிரித்து, மறுபடி தைக்க வேண்டும்.

அவள் அந்தக் கடைக்குத் தையல்காரியாக வந்தவள். பிறகுதான் அவருக்கு மனைவி ஆனாள். கல்யாணமான மறுவாரமே ஒரு காலரைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வைத்த மகராசன் அவர். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மாஸ்டர் என்று கூப்பிட்ட வாயை மாற்றிக்கொள்ளவே இல்லை. முன்னால் கடை, பின்னால் ஒரே அறையில் வீடு. அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். கட்டிங் மேஜையில் இருந்த பெரிய கத்தரிக்கோலை அவள் துடைத்திருக்கிறாள், எண்ணெய் போட்டிருக்கிறாள். துணியில் வைத்ததில்லை. வைக்க அவர் விட்டதுமில்லை.

ஒரு நாள் காலையில் அந்தக் கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. மாஸ்டர் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுவதா என்று நிமிர்ந்து பார்த்தாள். கோட்டுத் துணியின் மேல் அவர் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போயிற்று. எல்லாப் பேச்சும் போன பிறகு மிச்சம் இருந்தது எது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பாழாய்ப் போன 'ம்ஹூம்' ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார். "கால் ஓரளவு தேறிடும், பிடிச்சுக்கிட்டு நடப்பார். கையைத்தான் இப்ப சொல்ல முடியாது. முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். விடாம பழக்கினா கொஞ்சமாவது வர வாய்ப்பு இருக்கு."

'வாய்ப்பு இருக்கு' என்றுதான் அவர் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அதை 'வந்துடும்' என்று ஆக்கிக்கொண்டாள் இவள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்து, கத்தரிக்கோலை அதில் மாட்டினாள்.

"தினமும் பாத்துக்கிட்டே இருங்க மாஸ்டர். சீக்கிரம் எழுந்து வந்து எடுங்க. எனக்கு வெட்டத் தெரியாது."

அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை அந்த ஆணியில்தான் தொங்கியது.

ஒரு ஆளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அதைச் செய்யாதவர்களிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காலையில் படுக்கையை மாற்ற வேண்டும். நனைந்திருந்தால் ஆளையும் துடைத்து மாற்ற வேண்டும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சாப்பாட்டை மசித்து, வாயின் இடது பக்கமாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் கடை வாசலில் யாராவது "யாருங்க உள்ள?" என்பார்கள். ஓட வேண்டும். துணி வெட்டத் தெருமுனைத் தையல்காரரிடம் போய் நிற்க வேண்டும். அவரோ உதவி செய்கிற நினைப்பில் கன்னாபின்னாவென்று வெட்டித் தருவார். அதை நேராக்கித் தைப்பதற்குள் உள்ளே தட்டு விழுந்து உருளும். அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. தலை வாரி எத்தனை நாளாயிற்று என்பதே மறந்துபோயிற்று.

இத்தனையிலும் பெரிய போராட்டம் சட்டை போடுவதுதான்.

பிசியோ பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். "முதல்ல வராத கையை நுழைக்கணும். மத்த கையால அவரே இழுத்து ஏத்திக்கணும். பொத்தானையும் அவரையே போட விடுங்க. லேட்டாகும், பரவாயில்ல. சட்டை போடுறதே அவருக்கு ஒரு பயிற்சிதாம்மா." வீட்டுக்கும் ஒருமுறை வந்து அதையே சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். அடுத்து எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் சொன்னபடி இவள் செய்து பார்த்தாள். வலது கை நனைந்த கம்பளி மாதிரி கனத்தது. கொஞ்சம் தூக்கினால் மாஸ்டர் அலறினார். எப்படியோ நுழைத்து, பொத்தானுக்கு வந்தால் இன்னும் மோசம். இடது கை விரல்கள் பொத்தானைத் தேடும், பிடிக்கும், நழுவவிடும், மறுபடி தேடும். நெற்றியில் வியர்வை ஓடும். கோட்டுக் கோட்டாக வெட்டித் தள்ளிய மனுஷன், நெஞ்சில் இருக்கிற பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாமல் கண் கலங்கி உட்கார்ந்திருப்பார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

பார்க்க முடியவில்லை என்பது பாதி உண்மை. நேரமில்லை என்பது மறுபாதி. தள்ளுங்க என்று அவர் விரலை விலக்கிவிட்டு, படபடவென்று தானே போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

மாஸ்டரின் அக்கா அடிக்கடி வந்து போவாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊர் வேலையெல்லாம் செய்கிற ரகம். ஆனால் தம்பி மேல் உயிர். அவர் அலறுவதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் பாய்ந்தாள்.

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா இல்லையா? அவனே பாவம் கிடக்கறான். எதுக்கு அந்தக் கையைப் போட்டு இழுக்கற?"

"டாக்டருங்க சொன்னாங்க, அண்ணி."

"டாக்டருங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. வலி அவனுக்குத்தானே."

இவளுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அன்று மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யோசனை வந்தது. தையல்காரிக்கு வேறு எந்த மாதிரி யோசனை வரும்? கையைத் தூக்கினால்தானே வலி. தூக்காமல் போடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்துவிட்டால்?

கழுத்திலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரைக்கும் திறந்துகொள்கிற சட்டை. உடம்பின் மேல் போர்த்தி, தோளிலும் கையிலும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டியை அழுத்திவிட்டால் முடிந்தது. முன்பக்கம் பொத்தானும் கிடையாது, அதை மாட்டுகிற காஜாவும் கிடையாது. பழைய போர்வைத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டாள். மாஸ்டர் முனகக்கூட இல்லை.

"அடேயப்பா! மூளைன்னா இது மூளை" என்றாள் அக்கா. அந்த அம்மாள் வாயிலிருந்து தனக்கு ஒரு பாராட்டு வரும் என்று இவள் கனவிலும் நினைத்ததில்லை.

மாஸ்டர் மட்டும் குனிந்து பார்த்தார். இடது கையைத் தோளுக்குக் கொண்டுபோனார். திறப்பு ஓடிய இடத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"ம்ஹூம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஐயோ, உள்ளே மாஸ்டர் அப்படியே இருக்கிறார்! பேச்சு போனால் என்ன, தையலில் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தி போகவில்லையே! இத்தனை நாளில் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பட்டியின் ஓரம் சொரசொரவென்று இருந்தது. "இதானா? இருங்க, சரி பண்றேன்." பிரித்தாள். உள்ளே மெல்லிய துணி கொடுத்து மறுபடி தைத்தாள்.

"ம்ஹூம்."

தோள் மடிப்பைத் தாழ்த்தினாள். ம்ஹூம். பட்டியைக் குறுக்கினாள். ம்ஹூம். அவர் ஒட்டுப்பட்டியைக் கர்ரென்று பிய்த்துத் திறந்துபோடுவார், அவள் கையைத் தள்ளிவிடுவார். முகம் சிவக்கும். "சரி சரி, கோவிக்காதீங்க. என்னிக்கு உங்களை ஒரே தடவையில திருப்திப்படுத்தியிருக்கேன்?" என்று சிரித்தபடியே மறுபடி பிரிக்க உட்கார்வாள். எல்லா வேலைக்கும் நேரமில்லாதவள், அதற்கு மட்டும் எப்படியோ நேரம் கண்டுபிடித்தாள். பழைய கடையே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

பிறகு ஒரு நாள் அவர் சுவரைக் காட்டினார். கொக்கியில் அவருடைய நீலச் சட்டை தொங்கியது. அவரே வெட்டி, அவள் தைத்து, பிரிக்கச் சொல்லாமல் அவர் ஏற்றுக்கொண்ட சட்டை. இடது கையை நீட்டி நீட்டி அதையே காட்டினார். எடுத்துக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு அதன் பொத்தான்களைத் தடவினார். அவளைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"ஓ, இந்தத் துணி வேணுமா? மெத்துனு இருக்குன்னா? முன்னாடியே காட்டக் கூடாதா!"

அன்று மத்தியானமே நீலச் சட்டையைப் பிரித்தாள். கையைத் திறந்தாள். தோளைத் திறந்தாள். பொத்தான்களை அறுத்து டப்பாவில் போட்டாள், காஜாக்களை மூடித் தைத்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் தைத்ததில்லை. கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிட்டு, எதிரில் நின்றாள்.

மாஸ்டர் அதையே வெகுநேரம் பார்த்தார். தேய்த்துப் பார்க்கவில்லை. ம்ஹூம் என்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கடையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாஸ் என்று அர்த்தம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அக்காவுக்குப் போன் பண்ணினாள். "அண்ணி, மாஸ்டர் ஒத்துக்கிட்டார்!"

அதற்குப் பிறகு அவர் எதற்கும் ம்ஹூம் சொல்லவில்லை. போட்டுவிட்டால் போட்டுக்கொண்டார். ஊட்டினால் வாயைத் திறந்தார். கால் கொஞ்சம் தேறியிருந்தது. பிடித்து எழுப்பினால் நடந்தார், உட்கார வைத்தால் உட்கார்ந்தார். கத்தரிக்கோல் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். சமத்தாகிவிட்டார் என்று அக்கா சொன்னாள். இவளுக்கும் வேலை சுலபமாயிற்று. கையைத் தூக்கிப் பழக்குவதையும் வலிக்கிறதே என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். சட்டையைப் பார்த்தவர்கள் பார்த்தவர்களிடம் சொல்லி, வீட்டில் படுத்த ஆள் இருக்கிறவர்கள் தேடி வந்து தைக்கக் கொடுத்தார்கள். அதற்கு வெட்டு நேராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தெருமுனைக்காரரின் கோணல் வெட்டே போதும்.

சுலபமானாலும் அலுப்பு தீர்ந்துவிடுமா? ஒரு நாள் ஒரே காலையில் படுக்கையை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு மெஷினில் வந்து உட்கார்ந்தவள், மெஷின் ஓடுகிற சத்தத்தில், "போய்ச் சேர்ந்திருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணம் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவர் கண் மூடிப் படுத்திருந்தார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். வந்தது. கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய் மிச்சத் தையலை முடித்தாள்.

பிசியோ பெண் மறுபடி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. "தாத்தா எப்படி இருக்கார்?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், அவருடைய வலது முழங்கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். கொஞ்சம் வந்தது. அப்புறம் பூட்டின கதவு மாதிரி நின்றுவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

சட்டையைப் பார்த்தாள். பட்டியைத் திறந்து மூடினாள். "ரொம்ப அழகாத் தைச்சிருக்கீங்கம்மா" என்றாள். பிறகு, "எப்பலேருந்து இதைப் போடறீங்க?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்லயே. கையைத் தூக்கவே வேணாம் பாருங்க."

"ஆமா. தூக்கவே வேண்டியதில்ல."

அந்தப் பெண் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானா? என்னாலதானா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இவருக்கு அடைப்பு பெருசு. எல்லாம் செஞ்சும் கை வராதவங்க நிறைய பேர் இருக்காங்க. செஞ்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா தோள் இப்படி இறுகினது அசைக்காம விட்டதாலதாம்மா. அதைக் கொஞ்சம் இளக்கலாம், வலி குறையும்."

"கத்தரிக்கோல் பிடிப்பாரா?"

பெண் சுவரைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "அந்தக் கையால இனிமே முடியாதும்மா. நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

மாஸ்டருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு அது எப்போதோ தெரிந்துபோயிருந்தது. தெரியாமல் இருந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

பெண் போன பிறகு இவள் கடைக் கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் போட்டிருந்தது அந்த நீலச் சட்டை. அதன் மூடிய காஜாக்களின் மேல் விரலை வைத்தாள்.

"மாஸ்டர். நீங்க குறை சொன்னது தையலை இல்ல. இல்லியா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"பொத்தான் வேணும்னு கேட்டீங்க. நானே போட்டுக்கறேன்னு கேட்டீங்க. இதத்தானே அத்தனை தடவை சொன்னீங்க?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். மெதுவாக, ஒரே ஒரு முறை.

"பாவி, நான் மடிப்புல கோணல் தேடிட்டு இருந்தேனே! நீங்க கேட்ட சட்டையையே வெட்டிப்போட்டேனே!" நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்ற நினைப்பே இல்லை. அழுது முடிந்த இடத்தில் கோபம் வந்தது. அதையும் விடவில்லை. "நீங்களும்தான்! இத்தனை வருஷத்துல என்ன தப்புன்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தீங்கன்னா, கேக்கற பழக்கம் எனக்கும் வந்திருக்கும். தூக்கித் தூக்கிப் போட்டீங்க. தேடித் தேடித்தானே எனக்குப் பழக்கம்!"

அவருக்கு அழுகை வந்தது. ஒரு பக்க முகம்தான் அழுதது, மறுபக்கம் சும்மா இருந்தது. அவள் துடைத்துவிடக் கையை நீட்டினாள். நீட்டியவள் நிறுத்திக்கொண்டு, துண்டை அவர் இடது கையில் கொடுத்தாள். அவரே துடைத்துக்கொண்டார். பாதி கண்ணீர் கழுத்து வரை வழிந்தது.

மறுநாள் ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தெருமுனைக்காரர் வெட்டில் மாஸ்டருக்குப் பொத்தான் வைத்த சட்டை தைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோலின் வளையம் மாஸ்டரின் கட்டைவிரலுக்கு ஆனது, அவளுக்குப் பெரிது. துணிக் கிழிசலை அதில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அவர் கட்டிலிலிருந்து அதைப் பார்த்தார். அன்றைக்கெல்லாம் சாப்பாட்டைத் தொடவில்லை. அவளும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற விஷயமா அது?

அடுத்த நாள் அவரை நாற்காலியோடு கட்டிங் மேஜைக்கு நகர்த்தினாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை இடது கையில் கொடுத்தாள். அவர் போட்ட கோடு பாம்பாக நெளிந்தது. அவள் அதன் மேலேயே வெட்டினாள். வலது கை நுழைய அக்குளை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தைத்து, காஜா போட்டு, பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிய கோட்டுப் பொத்தான்களை வைத்துத் தைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் இரண்டு விரலால் தேய்த்தார்.

"ம்ஹூம்."

அவள் சட்டையைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கேன்னு காட்டுங்க. காலரா? பட்டியா? காஜாவா?" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். கோட்டுப் பொத்தானைத் தொட்டபோது அவர் தலையாட்டினார். பிறகு அலமாரியில் இருந்த டப்பாவைக் காட்டினார். நீலச் சட்டையில் இருந்து அறுத்துப்போட்ட அந்தப் பழைய, சாதாரணப் பொத்தான்கள். அவற்றையே மாற்றித் தைத்தாள்.

வலது கையை நுழைக்கும்போது அலறத்தான் செய்தார். அவளும் கூடவே அழுதாள், நிறுத்தவில்லை. பிறகு பொத்தான். அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தானே போட்டுவிட அவள் விரல் பரபரத்தது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "இருங்க, வேலையா இருக்கேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். வந்தவர் போய்விட்டார். மாஸ்டர் தேடினார், பிடித்தார், நழுவவிட்டார். கடைசியில் ஒன்று உள்ளே போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மேல் பொத்தான் இரண்டாவது காஜாவில் மாட்டியிருந்தது. சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கழுத்தில் கோணிக்கொண்டு நின்றது. அவள் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் அக்கா வந்தாள். "என்ன கண்றாவி இது! ஊருக்கெல்லாம் சட்டை வெட்டிக் குடுத்தவன் இவன், இவனைப் போய்ப் பொத்தானை மாத்திப் போட்டு உட்கார்த்தி வச்சிருக்கே" என்று சரிசெய்ய இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் அக்கா திகைத்துப்போனாள்.

"தொடாதீங்க, அண்ணி. அது அவர் போட்டது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவருடைய வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. இடது கையின் இரண்டு விரல்கள், கோணலாக மாட்டிய அந்தப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். வெட்ட வேண்டிய துணி மேஜையில் குவிந்து கிடந்தது.